பச்சை நூல் பீடி

பீடிக்கு முனை இரண்டு. அகலமான முனை நெருப்புக்கு. நூல் கட்டின குறுகலான முனை உதட்டுக்கு. நம் வயதுக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கிற சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

எனக்கு அப்போது பத்து வயது. வெயில் காலம். ஆம்பூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஓடு போட்ட ஒற்றை அறை வீடு. அப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் தோலில் ஒட்டின சதையைச் சீவுகிற வேலை செய்தார். அம்மா வீட்டில் பீடி சுற்றினாள். நான் ஒரே பிள்ளை.

அம்மா மடியில் முறம் இருக்கும். முறத்தில் ஊறவைத்து வெட்டின இலை, ஓரத்தில் புகையிலைத் தூள். பீடிக் கம்பெனி ஏஜெண்ட் கொடுக்கிற நூல் சிவப்பு. நாள் முழுக்கச் சிவப்பு நூலில் கட்டுவாள். பொழுது சாயும்போது ஓட்டை இல்லாத இலையாக, நரம்பு மெலிந்த இலையாகப் பொறுக்கி எடுத்து, தூளைக் கொஞ்சம் ஜாஸ்தி போட்டு ஒரு கட்டு சுற்றுவாள். அதற்கு மட்டும் பச்சை நூல். ஏஜெண்ட் கட்டோடு கலந்துவிடக் கூடாது என்று. அது அப்பாவுக்கு.

இலை வெட்டுவது நான். முனை மடக்குவதும் நான். அம்மா பேச மாட்டாள். நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள். கத்தரி பக்கத்திலேயே கிடக்கும். இருந்தாலும் பல்தான்.

அப்பா ஆறு மணிக்கு வருவார். அவருக்கு முன்னால் அவர் வாசனை வரும். சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த வாசனை. தெருக் குழாயில் குளித்துவிட்டு வாசல் கல்லில் உட்கார்ந்து, பச்சை நூல் பீடி ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டுவார்.

“பத்த வச்சுக்கினு வா.”

நான் அடுப்புக்கு ஓடுவேன். கொள்ளியில் வைத்தால் மட்டும் பற்றாது. வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுக்க வேண்டும். இருமல் வரும். அதை அடக்கிக்கொண்டு ஓடி வருவேன். அப்பா வாங்கிப் பார்ப்பார். பாதி நாள் ஒரு பக்கம் மட்டும் எரிந்திருக்கும். ஈரம் பண்ணிட்ட என்பார். வேறு எதுவும் சொல்ல மாட்டார். ஒரு நாளில் அவர் என் முகத்தைப் பார்ப்பது அந்த ஒரு முறைதான். அதற்காக மத்தியானத்திலிருந்தே காத்திருப்பேன்.

அந்த வேலைக்குத்தான் அத்தை வந்து சேர்ந்தாள்.

அப்பாவுக்கு ஒரே தங்கை. ஆந்திரா பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷன் செத்துப் போய், பிள்ளையும் இல்லாமல், ஒரு துணிப் பையோடு வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். வந்த அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் இடுப்பிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தாள். மூடியில் மயில் படம். உள்ளே சின்னச் சின்னச் சுருட்டு. ஒன்றைப் பற்றவைத்து, நெருப்பு முனையை வாய்க்குள் விட்டு உதட்டை மூடிக்கொண்டாள்.

நான் பயந்து போய் அம்மாவைப் பார்த்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அங்கே நாற்று நடுகிற பெண்கள் அப்படித்தான் குடிப்பார்களாம். இரண்டு கையிலும் சேறு. மேலே மழை. நெருப்பு வாய்க்குள் இருந்தால் அணையாது, கையும் வேண்டாம். அத்தை அப்படிச் சொன்னாள். ஆனால் அங்கேயும் ஆண்கள் நெருப்பை வெளியே வைத்துத்தான் குடிப்பார்கள் என்றும் சொன்னாள். அவர்களும் அதே மழையில்தானே நிற்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. இப்போது தோன்றுகிறது.

நம் ஊரில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஆண்கள் தெருவில் குடிப்பார்கள். ஒருவர் பீடியில் இன்னொருவர் பற்றவைப்பார். தோல் ஷாப்பில் பீடிக்கு என்றே கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போவார்கள். மேஸ்திரி ஒன்றும் சொல்ல மாட்டார். அங்கே தோல் காயப்போடுகிற பெண்கள் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வேலையை நிறுத்தாமல் செய்வார்கள். அவர்களுக்கு வெளியே போக ஒரு காரணம் கிடையாது. எங்கள் தெருவில் பாதி வீட்டில் பெண்கள் பீடி சுற்றினார்கள். ஒருத்தி குடித்து நான் பார்த்தது இல்லை.

அத்தை குடித்தாள். வாசலிலேயே உட்கார்ந்து குடித்தாள்.

“பாப்பா, இன்னும் அதை விடலியா நீ” என்றார் அப்பா.

“விட்டா உங்க வூட்டுக் கஞ்சி செரிக்காதுண்ணா.”

அப்பா சிரித்தார். அவருக்குக் கடைவாயில் ஒரு பல் இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பத்து வருஷமாக அவர் மகளாக இருந்தேன். அந்த ஓட்டையை நான் பார்த்தது இல்லை.

இரண்டாம் நாள் நான் அடுப்பிலிருந்து பீடியோடு வந்தபோது அது வழியிலேயே அணைந்துவிட்டது. இன்னொரு முறை ஓடினேன். அதுவும் கோணலாகப் பற்றியது. அத்தை கையை நீட்டி வாங்கினாள். நெருப்பு முனையை வாய்க்குள் விட்டு, இழுக்காமல் வெளிப்பக்கமாக ஊதினாள். நூல் முனையிலிருந்து புகை நூல் மாதிரி வந்தது. எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள். சுற்றிலும் ஒரே சீராகச் சிவந்திருந்தது. உதட்டுப் பக்கம் ஈரமே இல்லை.

அப்பா இழுத்துப் பார்த்துவிட்டு, பாப்பா பத்த வச்சா தனிதான் என்றார்.

மறுநாள் பீடியை அவளிடம் நீட்டினார். அதற்கு மறுநாளும். நான் அடுப்புப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

இருட்டுகிற வரைக்கும் இரண்டு பேரும் வாசல் கல்லில் உட்கார்ந்து பேசுவார்கள். சின்ன வயசில் பாலாற்றில் ஊற்று தோண்டினது, யாரோ ஒரு வாத்தியார், ஒரு செத்துப்போன நாய். அப்பாவுக்கு அவ்வளவு பேச்சு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பீடி வெளியே எரியும். அவள் சுருட்டு உள்ளே எரியும். நான் உள்ளே படுத்து வயிறு எரிந்துகொண்டிருப்பேன்.

ஒன்றுதான் ஆறுதல். அம்மாவுக்கும் அவளைப் பிடிக்கவில்லை. ஆம்பள மாதிரி வாசல்ல குந்திக்கினு ஊதுது, தெருவே பாக்குது என்று என்னிடம் சொன்னாள். அம்மா என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசினது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரு கட்சி என்று நினைத்தேன்.

அதுவும் ஒரு மாதம்தான். அத்தை முறத்தின் எதிரில் உட்கார்ந்து சுற்றக் கற்றுக்கொண்டாள். அவள் சுற்றினது நடுவில் புடைத்திருக்கும். இன்னா இது, கர்ப்பமா இருக்குது என்றாள் அம்மா. அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். அப்புறம் தினமும் சிரிப்பு. மத்தியானம் இரண்டு பேரும் பின்பக்கம் போவார்கள். அங்கே பெண்கள் குளிக்க ஓலைத் தட்டி கட்டி ஒரு மறைவு இருந்தது. அப்பா அந்தப் பக்கம் வர மாட்டார். இலை காய்ந்துவிடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டிரு என்று என்னை முறத்தோடு உட்கார வைத்துவிட்டுப் போவார்கள். தட்டிக்குப் பின்னாலிருந்து பேச்சு கேட்கும். வார்த்தை புரியாது.

ஆக, அப்பாவும் போனார். அம்மாவும் போனாள். எனக்கு முறம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற கம்பெனி ஒன்று ஊர் ஓரத்தில் ஷெட் போட்டுப் பெண்களை வேலைக்கு எடுத்தது. ஆள் சேர்க்கிற மேஸ்திரி எங்கள் தெரு முனையில் இருந்தார். அப்பா அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தார். அத்தைக்கு அந்த வேலை கிடைத்தால் அவள் எங்களோடேயே இருந்துவிடலாம். கிடைக்காவிட்டால் முடியாது. அப்பா கூலியிலும் பீடிக் காசிலும் நாலு வயிறு நடக்காது என்று அப்பாவுக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும்.

மேஸ்திரி சிகரெட்டைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

“ஆளு வேலைக்கு ஆவும். புகை மட்டும் ஆவாது. உள்ள தோல் ஒட்டுற சொல்யூஷன் இருக்குது. பத்திக்கும்.”

“நீங்க உள்ள போறீங்களே மேஸ்திரி” என்றாள் அத்தை.

“நான் ஆம்பளம்மா” என்றார் அவர்.

அப்பா அத்தையை முறைத்தார். அத்தை வாயை மூடிக்கொண்டாள். விட்டுவிட்டேன் என்று சத்தியம் பண்ணினால் மாதம் பிறந்ததும் வரலாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பஸ் ஏறி விரிஞ்சிபுரம் போனோம். சாமி முன்னால் அத்தை கற்பூரத்தை அடித்து, இனிமேல் புகை தொட மாட்டேன் என்று சத்தியம் பண்ணினாள். அப்பா பக்கத்தில் நின்றார். வெளியே வந்து ஆற்று மணலில் குழி தோண்டி மீதிச் சுருட்டை எல்லாம் புதைத்தாள். காலி டப்பாவை என்னிடம் கொடுத்தாள். வச்சுக்கோ, பாசிமணி போட்டுக்கோ என்றாள்.

அந்த டப்பா எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவள் கொடுத்தது என்பதுதான் பிடிக்கவில்லை.

அதற்கு அப்புறம் அத்தை கிராம்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை நடுங்கும். ராத்திரி தூங்காமல் புரளுவாள். அப்பா தன் பீடியை வாசலில் குடிக்காமல் தெருக்கோடிக்குப் போய்க் குடித்தார். அவளுக்கு ஆசை வரக் கூடாது என்று. எனக்காக அவர் தெருவின் கோடி வரைக்கும் நடந்ததில்லை.

வேலைக்குப் போக நாலு நாள் இருந்தது. நான் தட்டிக்குப் பின்னால் குளிக்கப் போனேன். மண்சுவரில் ஒரு பொந்து. அதில் ஓணான் இருக்கிறதா என்று பார்த்தேன். பீடித் துண்டுகள் இருந்தன. ஏழெட்டு. எல்லாம் பச்சை நூல். ஒன்று இன்னும் புது வாசனையாக இருந்தது.

அப்பாவிடம் காட்டலாமா என்று நினைத்தேன். அவர் மன்னித்துவிடுவார் என்று தோன்றியது. அதனால் அவரிடம் போகவில்லை. துண்டுகளை எல்லாம் எடுத்து மயில் டப்பாவில் போட்டேன். பொந்தைத் துடைத்த மாதிரி காலி பண்ணினேன். தெரு முனைக்குப் போனேன். மேஸ்திரி இல்லை. அவர் பெஞ்சாதி உரலில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். எங்க அத்தை இன்னும் குடிக்குது என்று சொல்லி டப்பாவைக் கீழே வைத்தேன். அவள் மாவுக் கையோடு டப்பாவைத் திறந்து பார்த்தாள். யாரு அனுப்பினது, உங்கம்மாவா என்று கேட்டாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் மேஸ்திரி வந்தார். அப்பா குளித்து முடித்து ஈரத் தலையோடு நின்றார். மேஸ்திரி டப்பாவைத் திறந்து வாசல் கல்லில் வைத்தார். அவர் நல்ல மனிதர்தான். சத்தம் போடவில்லை. சாமி முன்னால பண்ணதுக்கே இந்த மரியாதைன்னா நான் எப்படி அழைச்சுக்கினு போறது என்று மட்டும் சொன்னார்.

அம்மா முறத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் இலையைக் கையில் வைத்திருந்தேன்.

“இது இன்னா பாப்பா” என்றார் அப்பா.

அத்தை முதலில் டப்பாவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். குனிந்து ஒரு துண்டை எடுத்து நூல் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலை நிமிரவில்லை. கை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

“என்னுதுதாண்ணா.”

“கற்பூரம் அடிச்ச.”

“அடிச்சேன்.”

“அப்புறம்?”

“வாய் கேக்கல.”

அப்பா அவளை ஒன்றும் செய்யவில்லை. உள்ளே போய்ச் சுவர்ப் பக்கமாகப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் பீடி குடிக்கவில்லை. யாரும் பற்றவைக்கவில்லை.

மறுநாள் அவர் விடிவதற்கு முன்னாலேயே வேலைக்குப் போய்விட்டார். அத்தை துணிப் பையை எடுத்துக்கொண்டாள். சோளிங்கரில் தூரத்து உறவு ஒருத்தி மலையடியில் பூக்கடை வைத்திருந்தாள். அங்கே போவதாகச் சொன்னாள். அம்மா சோறு கட்டிக் கொடுத்தாள். கூடவே முந்தானைக்குள்ளிருந்து பச்சை நூல் கட்டு ஒன்றை எடுத்து அவள் பையில் திணித்தாள். அத்தை அதை வெளியே எடுத்து அம்மா கையிலேயே வைத்தாள்.

“எனக்கு எதுக்கு அண்ணி. நான்தான் விட்டாச்சே.”

போகிறபோதும் பொய் சொல்கிறாள் என்று நான் நினைத்தேன். அம்மா அழுதாள். நாத்தனார் போகிறதற்கு இவள் ஏன் அழ வேண்டும் என்று அதற்கும் எரிந்தது. டப்பாவைக் கொண்டுவந்து அத்தையிடம் நீட்டினேன். கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று.

“அது உங்கிட்டயே இருக்கட்டும்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

எட்டு நாள் கழித்துத் தட்டிக்குப் பின்னால் போனேன். பொந்தில் கையை விட்டேன். ஒரு பீடித் துண்டு இருந்தது. லேசாகச் சூடு இருந்தது.

அத்தை குடித்தால் நெருப்பு உள்ளே இருக்கும். பல் படுகிற இடம் நெருப்புப் பக்கம். நூல் முனை வெளியே நிற்கும், அதில் எதுவும் படாது. இந்தத் துண்டில் நூல் முனையில்தான் பல் பதிந்திருந்தது. நூல் கடிபட்டுப் பிசிறாகி இருந்தது. உள்ளே அம்மா நூலைக் கடித்து அறுக்கிற சத்தம் கேட்டது. டப்பாவில் இருந்ததையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அப்படித்தான்.

அத்தை அன்றைக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தது அதைத்தான்.

துண்டைத் திரும்பவும் பொந்திலேயே வைத்தேன். அழுகை வரவில்லை. வெட்கப்பட்டேனா என்றால் அதுவும் அப்புறம்தான். முதலில் வந்தது வேறு. தட்டிக்குப் பின்னால் அவர்கள் இரண்டு பேரும் குடித்திருக்கிறார்கள். சத்தியத்துக்கு முன்னால் ஒன்றாக, அப்புறம் அம்மா மட்டும், அத்தை சும்மா கூட உட்கார்ந்து. என்னை முறத்துக்குக் காவல் வைத்துவிட்டு. அதுதான் முதலில் வந்தது.

அப்பா மறுபடி என்னிடம் பீடியை நீட்டினார். நான் ஓடினேன். ஈரம் என்றுகூட அவர் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு தெருவைப் பார்த்தார். அத்தையைப் பார்க்க அவர் போகவே இல்லை. சாமி சத்தியத்தை மீறினவள் என்று கடைசி வரைக்கும் மனதில் வைத்திருந்தார். அவள் சோளிங்கரிலேயே பூக் கட்டிப் பிழைத்துச் செத்துப்போனாள். சாவுக்குப் போய் வந்த அம்மா, கடைசி வரைக்கும் ஒரு சுருட்டு தொடலியாம் என்று என்னிடம் சொன்னாள். அப்பாவிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

டப்பா எங்கேயோ போய்விட்டது. வீட்டை இடித்துக் கட்டினபோதோ, அதற்கு முன்னாலேயோ. அந்த மயிலுக்குக் கழுத்து பச்சையா நீலமா என்று இப்போது நினைவில்லை.

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த அப்புறம் அம்மாவுக்கு விடாத இருமல் வந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்கு அப்பாவும் நானும் கூட்டிப்போனோம். டாக்டர் சின்னப் பையன். அப்பாவைப் பார்த்து, பீடி குடிப்பீங்களா என்று கேட்டார். அப்பா ஆமாம் என்றார். உங்க புகைதான் அவங்களுக்கு இருமல் என்று கண்டித்தார். அம்மாவிடம் தூள்ல வேலை செய்வீங்களா என்று கேட்டதோடு சரி. குடிப்பீங்களா என்று கேட்கவில்லை. அம்மா குனிந்து முந்தானையை மடித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா அன்றோடு பீடியை விட்டார். ஐம்பது வருஷப் பழக்கம். கிராம்பைக் கடித்துக்கொண்டு, கை நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்காக யாரும் எதையும் விட்டதில்லை.

அப்பா போய் ஒரு வருஷம் இருக்கும். அம்மா என் வீட்டில் இருந்தாள். கை நடுக்கத்தில் அவளால் தீப்பெட்டி உரச முடியாது. ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. என் மருமகள் ஷூ கம்பெனிக்குப் போயிருந்தாள். இப்போது கம்பெனி பஸ்ஸே தெருவுக்கு வருகிறது. அம்மா தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பீடியை எடுத்து என்னிடம் நீட்டினாள். கடை பீடி. வெள்ளை நூல்.

“பத்த வச்சுக் குடு.”

கேஸ் அடுப்பில் பற்றவைத்து, ஓர் இழுப்பு இழுத்து, இருமலை அடக்கிக்கொண்டு கொண்டுவந்தேன். அவள் வாங்கி நூல் முனையைக் கடித்தாள்.

“உங்க அத்தை பத்த வச்சா சீரா எரியும்” என்றாள்.

அத்தனை வருஷம் வாயில் வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டேன்.

“அது உன்னுதுன்னு அன்னிக்கு ஏம்மா சொல்லல?”

அம்மா புகையை விட்டாள். நிதானமாகத்தான் சொன்னாள்.

“டப்பாவ நீதான் எடுத்துக்கினு போனன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நான் சொல்லியிருந்தா உங்கப்பன் என்னை அனுப்பியிருப்பான். அவ இங்க இருந்திருப்பா. உனக்கு அது சரியா இருந்திருக்குமா?”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. இரண்டு இழுப்புக்கு மேல் அவளால் முடியவில்லை. பீடியை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கமாக எரிந்துகொண்டிருந்தது. நான் பற்றவைத்தால் அப்படித்தான் எரியும்.